சீனப் பேரரசர்களின் சமாதிகளும் சிலைகளும்: போகும் முன் கேட்கப்படும் கேள்விகள்

சீனா போகத் திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு வேண்டுகோளை மட்டும் முதலிலேயே வைத்துவிடுகிறேன். சுடுமண் வீரர்களைப் பார்த்த கையோடு விமானம் ஏறிவிடாதீர்கள். வயல்வெளியிலும் மலையடிவாரத்திலும் வெயிலிலும் பனியிலும் நிற்கும் கற்சிலைகளுக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.

சுடுமண் வீரர்களைப் பார்த்தால் போதாதா? வெளியே நிற்கும் கற்சிலைகளில் அப்படி என்ன இருக்கிறது?

இரண்டும் செய்யப்பட்ட நோக்கமே வேறு. சீனாவின் முதல் பேரரசரான சின் ஷி ஹுவாங்கின் வீரர்கள் மனிதக் கண்ணில் படுவதற்காக உருவானவர்கள் அல்ல. வரிசையாக நிறுத்தி, மேலே மரக்கட்டைகளை அடுக்கி, பாய் விரித்து, மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். இறந்த அரசருக்கு மட்டுமேயான படை அது. 1974 மார்ச்சில் கிணறு வெட்டிய விவசாயிகளின் மண்வெட்டியில் தட்டுப்பட்டிருக்காவிட்டால் இன்னும் உள்ளேயேதான் இருந்திருக்கும்.

கற்சிலைகள் இதற்கு நேர்மாறு. அவை உயிரோடு இருப்பவர்களுக்காக நிறுத்தப்பட்டவை. சமாதிக்குப் போகும் ‘ஷென்தாவ்’ எனும் புனிதப் பாதையின் இருபுறமும் யானை, ஒட்டகம், குதிரை, சிங்கம், படைத்தலைவர், அமைச்சர் என்று ஜோடி ஜோடியாக நிற்கும். வழிபட வரும் புதிய அரசரும் அதிகாரிகளும் அந்த வரிசையைக் கடந்துதான் போக வேண்டும். ஹான் காலத்தில் தொடங்கி, தாங் காலத்தில் முறைப்பட்டு, கடைசி வம்சமான சிங் வரை இந்த வழக்கம் தொடர்ந்தது. நிலத்தடிப் படையைக் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்கிறோம். புனிதப் பாதையிலோ, அன்று எப்படி நடக்கச் சொன்னார்களோ அப்படியே இன்றும் நடக்க முடிகிறது.

சுடுமண் வீரர்கள் எங்கே இருக்கிறார்கள்? எவ்வளவு நேரம் வேண்டும்?

ஷியான் நகருக்குக் கிழக்கே, லிந்தோங் பகுதியில். நகரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மெட்ரோ 9ஆம் தடத்தில் ஹுவாசிங் சீ வரை போய், அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். அருங்காட்சியகத்துக்கும் பேரரசரின் மண்மேட்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டுதான். இரண்டுக்கும் நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும், இணைப்புப் பேருந்து ஓடுகிறது. அரை நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் குழிக்குள் நுழைந்ததும் எல்லோரும் முன்பக்கத் தடுப்பில் நெருக்கியடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். அந்தக் குழி 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். கூட்டத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் வரை நடந்து போங்கள். உடைந்த கை, கால், தலைகளை எண்ணிட்டு வைத்து ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் அங்கேதான் இருக்கிறது. மூன்று குழிகளிலும் சேர்த்து சுமார் 8,000 வீரர்கள் இருக்கலாம் என்பது கணிப்பு. பெரும்பாலானவர்கள் இன்னும் மண்ணுக்குள்தான். வெளியே வந்தவர்களும் நொறுங்கிய நிலையில் கிடைத்தவர்கள்தான். சின் ஆட்சி கவிழ்ந்தபோது நடந்த தீவைப்பும், எரிந்து சரிந்த கூரையின் பாரமும் அதற்குக் காரணம். தாழ்வாக மண்டியிட்டிருந்ததால் அதிகம் சேதப்படாமல் தப்பியவர்கள் இரண்டாம் குழியின் வில்லாளிகள். அவர்களில் ஒருவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போய்க் காலணியின் அடிப்பாகத்தைப் பாருங்கள், தையல் புள்ளி கூட விடுபடவில்லை.

1980இல் கிடைத்த இரண்டு வெண்கலத் தேர்கள் இப்போது மண்மேட்டுப் பக்கமுள்ள தனிக் கட்டடத்தில் இருக்கின்றன. உண்மையான தேரின் பாதி அளவில் செய்தவை. குழிகளைப் பார்த்த களைப்பில் பலர் இதை விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

வீரர்களுக்கு வண்ணம் பூசியிருந்தார்களாமே, ஏன் இப்போது மண் நிறமாகவே இருக்கிறார்கள்?

சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று பளிச்சென்ற வண்ணங்களே பூசியிருந்தார்கள். சுட்ட மண்ணின் மேல் முதலில் அரக்கு, அதன் மேல் வண்ணம். இரண்டாயிரம் ஆண்டுகள் ஈர மண்ணில் இருந்த அரக்கு, வெளிக்காற்று பட்ட சில நிமிடங்களிலேயே சுருண்டு, வண்ணத்தையும் சேர்த்துக்கொண்டு உதிர்ந்துவிடும். ஆரம்ப காலத் தோண்டலில் நிறைய இப்படிப் போய்விட்டது. பிறகு ஜெர்மன் நிபுணர்களோடு சேர்ந்து, ஈரம் காய்வதற்கு முன்பே அரக்கைப் பிடித்து நிறுத்தும் முறையைக் கண்டுபிடித்தார்கள். தோண்டும் வேகம் குறைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

சின் ஷி ஹுவாங்கின் சமாதிக்குள்ளேயே போக முடியுமா?

முடியாது. அது திறக்கப்படவே இல்லை. மரங்கள் வளர்ந்த ஒரு மேடு, அதைச் சுற்றி நடைபாதை, அவ்வளவுதான் பார்க்கலாம். உள்ளே பாதரசத்தால் ஆறுகளும் கடலும் அமைத்தார்கள் என்று சுமார் நூறு ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் சீமா சியென் எழுதிவைத்தார். மேட்டின் மண்ணைச் சோதித்தபோது பாதரச அளவு சுற்றுப்புறத்தைவிட அதிகமாகவே இருந்தது.

ஏன் திறக்கவில்லை என்பதற்கான பதில் பெய்ஜிங்கில் இருக்கிறது. மிங் பேரரசர் வான்லியின் சமாதியான டிங்லிங்கை 1956இல் தோண்டத் தொடங்கினார்கள். உள்ளே பட்டுத்துணிகள் குவியல் குவியலாக இருந்தன. காற்றுப் பட்டதும் அவை நிறம் மங்கி, விறைத்து, கெட்டுப்போயின. பாதுகாக்கும் நுட்பம் அப்போது கையில் இல்லை. பிறகு 1966இல், கலாசாரப் புரட்சியின்போது, செங்காவலர்கள் பேரரசரின் எலும்புகளையும் அவருடைய இரண்டு அரசிகளின் எலும்புகளையும் வெளியே இழுத்துப்போட்டு எரித்தார்கள். இன்று டிங்லிங்கின் நிலத்தடி மண்டபத்தில் நீங்கள் பார்க்கும் சிவப்புப் பெட்டிகள் மாதிரிகள்தான். இந்த அனுபவத்துக்குப் பிறகு, ஆய்வுக்காக ஒரு பேரரசரின் சமாதியை வலியப் போய்த் தோண்டுவதில்லை என்பது சீனாவின் கொள்கையானது. மூடியே இருக்கட்டும் என்று விட்டது சரியான முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் ஆவலைவிட அந்தப் பட்டு முக்கியம்.

ஷியானில் இன்னும் ஒரு நாள் இருக்கிறது. எங்கே போகலாம்?

சியென்லிங். இதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

ஷியானுக்கு வடமேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். தாங் பேரரசர் காவ்சோங்கும் அவருடைய மனைவி வூ ஸெதியெனும் ஒரே மலைக்குள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வூ ஸெதியென் 690 முதல் 705 வரை தன் பெயரிலேயே அரியணையில் அமர்ந்தவர். சீன வரலாற்றில் பேரரசர் பட்டத்தோடு ஆண்ட ஒரே பெண். இங்கே மேடு எழுப்பவில்லை, இயற்கையான மலையையே குடைந்து சமாதி ஆக்கினார்கள். அதற்கு நேராக ஒரு நீண்ட பாதை ஏறிப் போகிறது. முதலில் இரண்டு கல் தூண்கள், அப்புறம் இறக்கை முளைத்த குதிரைகள், தீக்கோழிகள், குதிரையும் குதிரைக்காரர்களுமாக ஐந்து ஜோடி, வாளை ஊன்றி நிற்கும் காவலர்கள் பத்து ஜோடி. தீக்கோழி எங்கோ மேற்கிலிருந்து அரசவைக்குக் காணிக்கையாக வந்த பறவை. அதைக் கல்லில் செதுக்கி வைத்தது, எங்கள் கை எவ்வளவு தூரம் நீளும் பார் என்று சொல்வதற்குத்தான்.

பாதையின் மேல் முனையில் இரண்டு பெரிய கற்பலகைகள் நிற்கின்றன. காவ்சோங்கின் பலகை முழுக்க அவருடைய புகழுரை. எதிரே, வூ ஸெதியெனுடையதாகச் சொல்லப்படும் பலகை ஏழரை மீட்டர் உயரம். எட்டு டிராகன்கள் தலையில் பின்னிக்கிடக்க, எழுதவேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. என்னை என்ன சொல்வது என்று பின்னால் வருகிறவர்கள் முடிவு செய்யட்டும் என விட்டார் என்பது ஒரு விளக்கம், வாரிசுகளால் ஒரு வாசகத்தில் ஒத்துப்போக முடியவில்லை என்பது இன்னொன்று. ஆனால் அந்தக் கல்லைச் சும்மா விடவில்லை. சோங் காலம் தொட்டு வந்துபோனவர்கள் அதில் செதுக்கிவைத்தார்கள். 1134ஆம் ஆண்டின் கல்வெட்டு ஒன்று, வடக்கே வாழ்ந்த கித்தான் இனத்தவரின் எழுத்திலும் சீனத்திலும் இருப்பதால், இன்று கித்தான் மொழியைப் படிக்க முயல்பவர்களுக்கு அது ஒரு பொக்கிஷம்.

சியென்லிங்கில் தலையில்லாமல் நிற்பவர்கள் யார்?

பலகைகளைத் தாண்டியதும் இருபுறமும் 61 பேர், கிழக்கே 29, மேற்கே 32. அநேகமாக ஒருவருக்கும் தலை இல்லை. நிஜ ஆள் அளவு, கைகளை மார்புக்கு முன் சேர்த்த பணிவான நிலை, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு உடை. தாங் அரசவையோடு உறவு வைத்திருந்த அயல்நாட்டுத் தலைவர்களும் தூதர்களும் இவர்கள். முதுகில் பெயரும் நாடும் பொறித்திருந்தார்கள், சிலவற்றில் மட்டும் இன்னும் படிக்க முடிகிறது. சிலைகளின் பின்னால் போய்ப் பார்க்க மறக்காதீர்கள், முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு நகர்பவர்களுக்கு இது தெரியாமலே போகிறது.

தலை எப்படிப் போனது? 1556 ஜனவரியில் ஷியான் இருக்கும் ஷான்ஷி மாகாணத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் விழுந்து, கழுத்து என்ற பலவீனமான இடத்தில் முறிந்தன என்பது ஒரு கருத்து. மனிதர்கள் வேண்டுமென்றே உடைத்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடந்திருக்கலாம்.

சிலைகளோடு முடித்துவிடாமல், அருகில் இருக்கும் இளவரசி யோங்தாய், இளவரசர் ஜாங்ஹுவாய் ஆகியோரின் சமாதிகளுக்குள் இறங்குங்கள். சரிந்து இறங்கும் வழியில் சுவரோவியங்கள்: போலோ ஆட்டம், வேட்டை, விருந்தினராக வந்த வெளிநாட்டவர்கள். அங்கே இருப்பவை நகல்கள். மூல ஓவியங்கள் ஷியானில் ஷான்ஷி வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பேரரசர்–பேரரசியின் சமாதியை இதுவரை யாரும் திறக்கவில்லை. 1950களின் இறுதியில் வாயிலைக் கண்டுபிடித்தபோது, கற்களை இரும்புக் கட்டுகளால் இணைத்து, உருக்கிய உலோகம் ஊற்றி அடைத்திருந்தது தெரிந்தது.

ஹான் காலத்துச் சமாதிகள் பார்க்கத் தகுந்தவையா?

இரண்டைச் சொல்வேன். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே யாங்லிங் இருக்கிறது, கி.மு. 141இல் இறந்த ஜிங் பேரரசருடையது. கண்ணாடித் தளத்தின் மேல் நடந்து குழிகளை நேராகக் கீழே பார்க்கலாம். இங்குள்ள பொம்மைகள் 60 சென்டிமீட்டர்தான். மரக் கைகளும் பட்டு உடையும் மக்கிப்போனதால் கையில்லாமல், ஆடையில்லாமல் நிற்கின்றன. வீரர்களைவிடப் பன்றியும் ஆடும் நாயும் மாடும் மந்தை மந்தையாக இருப்பது பார்க்கவே மனதுக்கு இதமாக இருக்கும். இங்கே கிடைத்த காய்ந்த இலைகளைத் தேயிலை என்று 2016இல் உறுதிசெய்தார்கள், நமக்குக் கிடைத்த மிகப் பழைய தேயிலைகளில் ஒன்று அது. விமானம் ஏறும் நாளில் மூன்று மணி நேரம் மிச்சமிருந்தால் போய் வந்துவிடலாம்.

மற்றது, ஹான் பேரரசர் வூவின் சமாதியான மாவ்லிங் வளாகத்தில் இருக்கும் ஹுவோ சூபிங்கின் சமாதி. இவர் அரசர் அல்ல, அந்த வூவின் இளம் படைத்தலைவர். வடக்கே சியோங்நூ எனும் நாடோடிகளை விரட்டியவர், கி.மு. 117இல் இறந்தபோது வயது இருபத்துமூன்று, இருபத்துநான்குதான். அங்கே ஒரு கல் குதிரை, காலடியில் வில்லோடு மல்லாந்து கிடக்கும் எதிரி. குதிரையிடம் கோபமே இல்லை, சும்மா நிற்கிறது. படுத்திருக்கும் புலி, எருது, யானை எல்லாம் பாறையின் இயல்பான வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தேவையான இடத்தில் மட்டும் உளி பட்டவை. பிற்காலச் சிலைகளின் நுணுக்கமெல்லாம் இவற்றின் முன் எடுபடாது என்பேன்.

தாங் தைசோங்கின் ஆறு குதிரைகள் ஷியானில்தான் இருக்கின்றனவா?

நான்கு மட்டும். தாங் பேரரசர் தைசோங் 649இல் இறந்தவர், போர்களில் தன்னைச் சுமந்த ஆறு குதிரைகளைப் புடைப்புச் சிற்பமாக்கித் தன் சமாதியான ஜாவ்லிங்கில் வைக்கச் சொன்னார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு சிற்பங்கள் வணிகர்கள் கைமாறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தன, இப்போது பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மற்ற நான்கையும் கடத்த முயன்றபோது துண்டாக்கினார்கள். அந்தத் துண்டுகளை ஒட்டி, ஷியானின் பெய்லின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆறிலும் மனிதர் இருப்பது ஒன்றில்தான்: அம்பு தைத்த குதிரையின் மார்பிலிருந்து ஒரு தளபதி அம்பைப் பிடுங்க, குதிரை வலியில் பின்னால் சாய்கிறது. அது பிலடெல்பியாவில் இருக்கிறது. ஊரோடு சேர்ந்து இருக்கவேண்டிய ஒன்று இவ்வளவு தூரத்தில் கிடப்பது இன்றும் உறுத்துகிறது.

பெய்ஜிங் மட்டும்தான் போகிறோம். என்ன பார்க்கலாம்?

மிங் பேரரசர்கள் 13 பேரின் சமாதிகள், நகருக்கு வடக்கே சாங்பிங்கில். இடத்தைத் தேர்ந்தவர் பேரரசர் யோங்லெ, 1409இல் வேலை தொடங்கியது. பயண நிறுவனங்கள் டிங்லிங்கின் நிலத்தடி மண்டபத்துக்கே அழைத்துப் போவார்கள். அங்கே இருப்பவை மாதிரிப் பெட்டிகள்தான், முன்பே சொன்னேனே. என்னைக் கேட்டால், புனிதப் பாதையிலும் யோங்லெயின் சமாதியான சாங்லிங்கிலும் நேரத்தைச் செலவிடுங்கள். பாதையில் 18 ஜோடிச் சிலைகள்: விலங்குகள் 24, மனிதர்கள் 12. ஒவ்வொன்றும் ஒற்றைக்கல். சாங்லிங்கின் வழிபாட்டு மண்டபத்தை 60 நான்மு மரத்தூண்கள் தாங்குகின்றன, உள்ளே நுழைந்தாலே மரவாசம் வரும். பெருஞ்சுவரோடு சேர்த்து ஒரே நாளில் திணித்துக்கொள்ளாதீர்கள்.

நான்ஜிங்கின் சிலைகள் வேறுவிதமா?

மிங் வம்சத்தைத் தொடங்கிய ஹோங்வூவின் சமாதியான சியாவ்லிங் அங்கே இருக்கிறது. மற்ற இடங்களில் நேராகப் போகும் பாதை இங்கே வளைகிறது. நடுவிலிருக்கும் குன்றில் மூன்று அரசுகள் காலத்து மன்னர் சுன் சுவானின் சமாதி இருக்கிறது. அவரும் வீரர்தான், காவலுக்கு இருக்கட்டும் என்று ஹோங்வூ சொன்னதாகக் கதை. சிங்கம், சியெஜி, ஒட்டகம், யானை, சீலின், குதிரை என ஆறு வகை விலங்குகள் (சியெஜியும் சீலினும் கற்பனை விலங்குகள்), ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி நிற்கும், ஒரு ஜோடி அமர்ந்திருக்கும். இலையுதிர் காலத்தில் இந்தப் பாதை மஞ்சளும் சிவப்புமாகிவிடும், கூட்டமும் அப்படித்தான். காலையில் திறந்ததுமே போய்விடுங்கள்.

நேரமிருந்தால் நகருக்கு வெளியே யாங்ஷான் கற்சுரங்கம். தந்தை ஹோங்வூவுக்கு ஒரு மாபெரும் நினைவுப் பலகை வைக்க யோங்லெ ஆசைப்பட்டார். நடுப்பகுதி மட்டுமே ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்துக்கு வெட்டிவிட்டார்கள். அதை நகர்த்த வழியே இல்லை என்று பிறகு தெரிந்தது. அடிப்பகுதி, உடல், தலை மூன்றும் மலையிலேயே கிடக்கின்றன. இதை வெட்டிய தொழிலாளிகளை நினைக்காமல் அங்கே நிற்க முடியாது.

கூட்டமே இல்லாத இடம் ஏதாவது?

ஹெனானில் கோங்யீ. ஜெங்ஜோவுக்கும் லுவோயாங்குக்கும் நடுவில். வடக்கு சோங் பேரரசர்கள் ஒன்பது பேரில் ஏழு பேரும் முதல் பேரரசரின் தந்தையும் இங்கே அடக்கமானவர்கள். உயிரோடு இருக்கும்போது சமாதி கட்டக்கூடாது, இறந்தபின் ஏழு மாதத்துக்குள் அடக்கம் முடியவேண்டும் என்பது சோங் விதி. அதனால் சமாதிகள் சிறியவை. சிலைகள் அப்படியல்ல. கோதுமை வயலுக்கு நடுவே, பயிர் முழங்கால் வரை வளர்ந்திருக்க, அமைச்சர்களும் யானைகளும் பாகன்களும் நிற்கிறார்கள். பல இடங்களில் சுவரும் இல்லை, சீட்டும் இல்லை.

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிக் காரணமும் உண்டு. ராஜராஜ சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் ஜென்சோங் பேரரசரின் அவைக்கு வந்து முத்தும் தந்தமும் காணிக்கை வைத்ததாகச் சோங் வரலாற்றில் பதிவு இருக்கிறது. அந்த ஜென்சோங்கின் சமாதி, யோங்டிங்லிங், கோங்யீயில்தான். சோங் சமாதிகளில் காணிக்கைப் பொருளைக் கையிலேந்திய அயல்நாட்டுத் தூதர் சிலைகள் வழக்கமாக இருக்கும். இவர்தான் சோழத் தூதர் என்று யாரையும் காட்ட முடியாது. ஆனாலும் நம் ஊர்க்காரர்களை நேரில் பார்த்த ஓர் அரசரின் வாசலில், அப்படி வந்தவர்களின் உருவங்கள் நிற்கின்றன.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே, செப்டம்பர் இறுதி, அக்டோபர் நடுப்பகுதி. அக்டோபர் முதல் வாரமும் மே முதல் வாரமும் சீனாவின் பெரிய விடுமுறைகள், ஷியான் பக்கமே போகாதீர்கள். கோடையில் அங்கே வெயில் நம்மூர் வெயிலுக்குச் சளைத்ததல்ல, பாதைகளில் நிழலும் குறைவு.

விசா, சீட்டு, பணம்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய பயணத்தில் இப்போது விசா வேண்டாம், விதி மாறக்கூடியது என்பதால் தூதரக அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுடுமண் வீரர்கள் அருங்காட்சியகத்துக்குப் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் கொடுத்து இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள், அன்று அசல் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். கடைகளில் அலிபே அல்லது வீசாட் எனும் கைபேசிச் செயலியில்தான் பெரும்பாலும் பணம் கட்டுவார்கள். அலிபேயில் நம் கார்டை இங்கிருந்தே இணைத்துவிடுங்கள். கூகுள் வரைபடத்தை நம்ப வேண்டாம்.

ரயில் நிலைய வாசலில் மலிவு விலைக்குக் கூப்பிடும் ஓட்டுநர்களோடு போகாதீர்கள். மாதிரிச் சிலைகள் வைத்த ஏதோ ஒரு கட்டடத்தில் இறக்கிவிட்டு, அதுதான் அருங்காட்சியகம் என்பார்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், சொல்லிக் கேட்க வேண்டும். ஷியானில் லியாங்பி எனும் குளிர்ந்த நூடுல்ஸ், காரமும் புளிப்புமாக நம் நாக்குக்கு ஒத்துவரும். முட்டையும் இறைச்சியும் வேண்டாம் என்பதைச் சீன எழுத்தில் கைபேசியில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். சியென்லிங், கோங்யீ பக்கம் போகும்போது கையில் ஏதாவது எடுத்துப்போவது நல்லது.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

யாங்லிங்கும் பெய்ஜிங் புனிதப் பாதையும் அவர்களுக்கு வசதி. சுடுமண் அருங்காட்சியகத்தில் நடை அதிகம், சக்கர நாற்காலி கேட்டு வாங்கலாம். சியென்லிங்கில் கீழ் வாயிலிலிருந்து ஏற வேண்டாம், படிகள் மிக அதிகம். மேல் நுழைவாயில் வரை காரைக் கொண்டுபோகச் சொல்லுங்கள், அங்கிருந்து பாதை சீராக இருக்கும்.

சிலைகளைத் தொடலாமா?

வேண்டாம். தடுப்பு இல்லாத இடங்களில் குழந்தைகளை யானை மேல் உட்காரவைத்துப் படம் எடுப்பதைப் பார்க்கிறேன், வேதனையாக இருக்கிறது. சுண்ணாம்புக்கல் நம் கையின் எண்ணெயிலும் உரசலிலும் தேயும். நிலத்தடி அறைகளிலும் குழிகளிலும் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

ஒரே ஓர் இடம்தான் முடியும் என்றால்?

முதல் முறை போகிறவர் என்றால் சுடுமண் வீரர்களைப் பார்க்காமல் திரும்பச் சொல்ல மாட்டேன். அதை ஏற்கெனவே பார்த்தவர் என்றால் சியென்லிங். வாரநாளில், மதியம் இரண்டு மணிக்கு மேல் போய்ச் சேருங்கள், குழுப் பேருந்துகள் அதற்குள் கிளம்பியிருக்கும்.